காவிரி டெல்டாவில் சர்க்கரை நோயைத் தடுக்க ஒரு கைப்பேசித் திட்டம்: வடிவமைப்பின் அடிப்படைகள்

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. இரத்தச் சர்க்கரை இயல்பான அளவைத் தாண்டிவிட்ட பிறகும், நோய் என்று மருத்துவர் சீட்டில் எழுதும் எல்லையை எட்டாமல், சில ஆண்டுகள் இடையிலேயே நிற்கும் காலம் ஒன்று உண்டு. தஞ்சை, திருவாரூர்ப் பக்கங்களில் இதைச் ‘சுகர் பார்டரில் இருக்கிறது’ என்பார்கள். மருத்துவத்தில் இதற்கு முன்நீரிழிவு என்று பெயர். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் 140 முதல் 199 வரை இருந்தாலும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தாலும் ஒருவர் இந்த இடைநிலையில் இருப்பதாகக் கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று அளவுக்கு மட்டும் 110 என்ற சற்றே உயர்ந்த தொடக்கத்தை வைத்திருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் முன்நீரிழிவு நிலையில் இருப்பதாகவும் அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நோயே வந்துவிட்டது. இடைநிலையில் நிற்பவர்களில் பலரை முழு இயல்புக்குத் திருப்பவோ, நோயை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவோ முடியும் என்பதால்தான் இந்தக் காலத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கப்படுகிறது.

அப்படி நிற்பவர்களைக் கண்டுபிடித்து, அவர்களுடைய உணவையும் உடலுழைப்பையும் மெல்ல மாற்றிக்கொள்ள மாதக்கணக்கில் கைப்பேசி வழியாகத் துணை நின்று, கடைசியில் இரத்தப் பரிசோதனையால் பலனைச் சரிபார்க்கும் ஏற்பாட்டையே தடுப்புக்கான டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் என்கிறோம். இப்படி ஒன்றைத் தொடங்க வேண்டும் என்றவுடன் பெரும்பாலோர் முதலில் செயலி செய்பவரைத் தேடிப் போகிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. எந்த ஊரில், யார், எந்த மாதத்தில், எந்த வேளைச் சாப்பாட்டில், எதை மாற்றப் போகிறார் என்பது முடிவாகிவிட்டால், அதற்குச் செயலி வேண்டுமா, குறுஞ்செய்தி போதுமா என்பது தானாகவே தெரிந்துவிடும்.

தடுக்க முடியும் என்பதற்கு என்ன சான்று?

சீனாவின் டாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வுதான் இத்துறையின் முன்னோடி. உணவையும் உடற்பயிற்சியையும் சீர்படுத்தினால் இடைநிலையில் உள்ளவர்களுக்கு நோய் வருவது குறைகிறது என்று அது காட்டியது. பின்லாந்தில் 2001-இலும் அமெரிக்காவில் 2002-இலும் வெளியான ஆய்வுகள் இரண்டுமே இந்தக் குறைவை 58 சதவீதம் என்று கணக்கிட்டன. அமெரிக்க ஆய்வில் 3,234 பேர் இருந்தனர். உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும், வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பதற்கு நிகராக உடலுக்கு வேலை கொடுப்பதும் அவர்களில் வாழ்க்கை முறை மாற்றக் குழுவில் இருந்தவர்களுக்கு வைக்கப்பட்ட இலக்குகள்.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரை வைத்து அது நடந்தது. வாழ்க்கை முறை ஆலோசனையோ மாத்திரையோ பெறாத குழுவில் மூன்று ஆண்டுகளுக்குள் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. வாழ்க்கை முறை ஆலோசனை பெற்ற குழுவில் 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. ஒப்பீட்டளவில் இது 28.5 சதவீதக் குறைவு. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய இதே அளவு பலன்தான் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

இந்த ஆய்வில் திட்டம் வகுப்பவர் நின்று கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஆலோசனை பெற்ற குழுவினரின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையாமலேயே நோய் குறைந்தது என்பது ஒன்று. இந்தியர்களுக்கு எடை மிகுதியாகத் தெரியாத நிலையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் போகிறது. ஆகையால் வெளிநாட்டுத் திட்டத்தை அப்படியே எடுத்து, ‘7 சதவீதம் எடை குறைத்தவரே வெற்றி பெற்றவர்’ என்று திரையில் காட்டினால், உண்மையில் நன்மை அடைந்துகொண்டிருப்பவர் தோற்றுப்போனதாக நினைத்து விலகிவிடுவார். நம்மிடம் இடைநிலையிலிருந்து நோய்க்குப் போகும் வேகம் மிக அதிகம் என்பது மற்றொன்று. மூன்றாண்டுகளில் பாதிப் பேருக்கு மேல் நோயாளியாகிவிடும் மக்களிடையே, ஐந்தாண்டுத் திட்டம் போட்டு முதலாண்டை அறிமுக விழாவில் கழிப்பது கட்டுப்படியாகாது.

கைப்பேசி எங்கே வருகிறது?

மேற்சொன்ன ஆய்வுகள் எல்லாவற்றிலும் பலன் தந்தது ஒரே ஒரு நாள் சொன்ன அறிவுரை அன்று. பயிற்சி பெற்ற ஒருவர் திரும்பத் திரும்பப் பேசி, கேட்டு, நினைவூட்டி, தடுமாறும்போது கை கொடுத்ததுதான். அத்தனை பயிற்சியாளர்களை எந்த அரசாலும் ஊர் ஊராக நியமிக்க முடியாது. அந்தத் தொடர் தொடர்பின் ஒரு பகுதியைக் கைப்பேசி ஏற்க முடியுமா என்பதே டிஜிட்டல் திட்டத்தின் அடிப்படைக் கேள்வி.

இதற்குப் பதில் சொன்ன முக்கியமான ஆய்வும் தென்னிந்தியாவில், அதே ராமச்சந்திரன் குழுவினரால் நடத்தப்பட்டு 2013-இல் வெளியானது. முன்நீரிழிவு நிலையில் இருந்த, 35 முதல் 55 வயது வரையிலான, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். அனைவருக்கும் தொடக்கத்தில் ஒரு முறை நேரில் ஆலோசனை தரப்பட்டது. பாதிப் பேருக்கு அதன்பிறகு வாரந்தோறும் சில குறுஞ்செய்திகள் இரண்டு ஆண்டுகளுக்கு அனுப்பப்பட்டன. மாற்றத்துக்கு ஒருவர் எவ்வளவு தயாராக இருக்கிறார் என்பதைப் பொறுத்துச் செய்திகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவருக்குப் போகும் செய்தி வேறு, ஏற்கெனவே நடக்கத் தொடங்கியவருக்குப் போகும் செய்தி வேறு. இரண்டாண்டு முடிவில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும், பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும் நோய் வந்திருந்தது. பதினொரு பேருக்குச் செய்தி அனுப்பினால் அவர்களில் ஒருவருக்கு இரண்டாண்டுக்குள் வரவிருந்த நோய் தடுக்கப்படுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பட்டன் போனில் வரும் சாதாரணக் குறுஞ்செய்திக்கு இது பெரிய பலன்.

ஆனாலும் இந்த முடிவை அப்படியே திருத்துறைப்பூண்டிக்கோ பாபநாசத்துக்கோ எடுத்து வந்துவிட முடியாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் மாதச் சம்பளம் வாங்கும் ஆண்கள். அவரவர் கையில் அவரவர் போன் இருந்தது. நடவுக்குப் போகும் பெண்ணுக்கும், கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவருக்கும், பிள்ளைகள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்க ஊரில் தனியாக வாழும் முதியவருக்கும் அது பொருந்துமா என்பதைத் தனியாகத்தான் யோசிக்க வேண்டும்.

யாரைச் சேர்ப்பது?

வாசலில் வரும் எல்லோரையும் சேர்த்துக்கொண்டால், நோய் வரும் வாய்ப்பே குறைவாக உள்ளவர்களுக்குச் செய்தி அனுப்பிப் பணம் கரையும். எனவே முதல் படி சல்லடை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்த மருத்துவர் வி. மோகனின் குழு 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் இதற்கு மிக எளிய கருவி. இரத்தம் எடுக்கத் தேவையில்லை, ஓர் அளவு நாடாவும் மூன்று கேள்விகளும் போதும். வயது 35 முதல் 49 வரை என்றால் 20 மதிப்பெண், 50-க்கு மேல் 30. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் 10, அதற்கும் மேல் பத்து சென்டிமீட்டர் கூடினால் 20. உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்த வேலை என்றால் 30. கடின உழைப்போ முறையான பயிற்சியோ ஏதாவது ஒன்று இருந்தால் 20. இரண்டும் இருந்தால் ஒன்றுமில்லை. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. மொத்தம் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம்.

கும்பகோணம் கடைத்தெருவில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் 52 வயது மளிகைக் கடைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடுப்பு 96 சென்டிமீட்டர், தாய்க்குச் சர்க்கரை நோய் உண்டு. வயதுக்கு 30, இடுப்புக்கு 10, உட்கார்ந்த வேலைக்கு 30, தாய்வழிக்கு 10 என்று மொத்தம் 80. அவரைத் தயங்காமல் பரிசோதனைக்கு அனுப்பலாம். இனி, நன்னிலம் பக்கத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் 45 வயதுப் பெண். இடுப்பு 78, பெற்றோர் இருவருக்கும் நோய் இல்லை. வயதுக்கு 20, கடின உழைப்பு மட்டும் இருப்பதால் 20, மொத்தம் 40. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து அந்த வேலை நின்றுவிட்டால் அவருடைய மதிப்பெண் ஐம்பதாகும். அடுத்த சில ஆண்டுகளில் வயதும் இடுப்பும் ஏறினால் அறுபதைத் தாண்டிவிடும். அதனால் இந்த மதிப்பெண்ணை ஒரு முறை போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த பெண்களை மதிப்பெண் பார்க்காமலே சேர்த்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பிரசவத்துக்குப் பிறகு அவர்களைத் தொடர்ந்து கவனிப்பதோ மிகக் குறைவு.

மதிப்பெண் சந்தேகத்தை மட்டும்தான் தரும். உறுதிப்படுத்த இரத்தப் பரிசோதனை வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வெறும் வயிற்று அளவு மட்டும் கூடியிருப்பவர்களைவிட, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு கூடியிருப்பவர்களுக்கே வாழ்க்கை முறை மாற்றத்தால் தெளிவான பலன் கிடைப்பதாக இதுவரையிலான ஆய்வுகள் காட்டுகின்றன. எச்பிஏ1சி எடுப்பது வசதியானது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் இரும்புச் சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் அந்த அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்; கிராமப் பெண்களிடம் இரத்தசோகை எவ்வளவு பரவலானது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆகவே குளுக்கோஸ் பரிசோதனையே பொருத்தமானது என்று தோன்றும். அதற்கோ வெறும் வயிற்றோடு வந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருக்க வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். இதைத் தீர்க்காமல் திரையின் நிறத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. நடவும் அறுவடையும் இல்லாத வாரங்களில், அந்தந்த ஊரிலேயே, காலை ஆறு மணிக்குத் தொடங்கி முகாம் வைப்பது ஒரு வழி.

எதை மாற்றச் சொல்வது?

அரிசியைப் பேசாமல் டெல்டாவில் சர்க்கரை நோயைப் பேச முடியாது. 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளை அரிசிச் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. அந்தக் கூடுதல் தெற்காசியாவில்தான் மிக அதிகமாக, ஏறத்தாழ 61 சதவீதமாக இருந்தது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று மூன்று வேளையும் அரிசியே வரும் வீட்டில், மதியச் சோற்றை மட்டும் சேர்த்தாலே இந்த அளவைத் தொட்டுவிடலாம்.

ஆனால் ‘அரிசியை நிறுத்துங்கள்’ என்று விவசாயியிடம் சொல்லும் திட்டம் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். தன் வயலில் விளைந்தது, ரேஷனில் விலையில்லாமல் கிடைப்பது, விருந்தாளிக்கு முதலில் பரிமாறுவது எல்லாமே அரிசிதான். பாரம்பரிய நெல் ரகங்களுக்கு மாறச் சொல்வது இப்போது பரவலாக இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் தீட்டாமல் உண்ணும்போது நார்ச்சத்து மிகுந்தவை என்பது சரி. எனினும் அவற்றையும் தட்டு நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும், விலையும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. கேழ்வரகைப் பற்றியும் இதையே சொல்லலாம். நைஸாக அரைத்துக் கூழாகக் குடித்தால் அதுவும் வேகமாகவே செரித்து இரத்தத்தில் ஏறுகிறது.

செய்யக்கூடியது தட்டின் பங்கை மாற்றுவது. சோற்றை முதலில் கால்பங்கு குறைத்து, அந்த இடத்தைக் கீரையும் பொரியலும் பருப்பும் சுண்டலும் மீனும் நிரப்ப வேண்டும். டெல்டாவுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சம்பா, தாளடி அறுவடைக்குச் சற்று முன்பு வயலின் ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவது இங்கே நெடுநாள் வழக்கம். பங்குனி, சித்திரையில் வீட்டில் பயறு இருக்கும். அந்த மாதங்களில் பயறு பற்றிய செய்தி போனால் அது செய்யக்கூடிய செய்தி. புரட்டாசியில் அதையே அனுப்பினால் கடையில் வாங்கச் சொல்லும் செய்தியாகிவிடும்.

உழைப்பு விஷயத்திலும் நாட்காட்டிதான் வழிகாட்ட வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை. அதைத் தொடர்ந்து சம்பா, தாளடி. தை, மாசியில் அறுவடை. நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நடவு நட்டுவிட்டு வந்தவருக்கு ‘இன்று 30 நிமிடம் நடந்தீர்களா?’ என்று செய்தி வந்தால், இதை அனுப்புபவருக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவர் முடிவு கட்டிவிடுவார்; அந்த முடிவு சரியானதும்கூட. வேலை இருக்கும் வாரங்களில் உணவையும் தேநீரில் போடும் சர்க்கரையையும் பற்றி மட்டும் பேசிவிட்டு, வேலை ஓயும் மாதங்களுக்கு நடையை ஒதுக்க வேண்டும். கோடையில் அதிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோதான் வெளியே நடக்க முடியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் முடியாது. சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன என்பதால், மழைக்காலத்துக்கு அது போதுமான மாற்று. கடைத்தெருவில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பயிர்க் கணக்கு எதுவும் பொருந்தாது. அவருக்கு ஆண்டு முழுவதும் நடைதான் முதல் பாடம்.

இவ்வாறு ஒவ்வொரு மாற்றத்தையும் எடைபோட, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2011-இல் முன்வைத்த ஒரு சட்டகம் உதவும். ஒரு பழக்கம் மாற வேண்டுமானால் அதைச் செய்யும் திறன், செய்வதற்கான வாய்ப்பு, செய்ய வேண்டும் என்ற உந்துதல் ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது அது. சோற்றைக் குறைக்க வேண்டிய கடைக்காரருக்குத் திறன் இருக்கலாம், மருத்துவர் பயமுறுத்தியதால் உந்துதலும் இருக்கலாம். ஆனால் பரிமாறுபவர் மனைவி, ‘இன்னும் கொஞ்சம்’ என்று போடுபவர் தாயார். அவருக்கு மட்டும் செய்தி அனுப்பினால் வாய்ப்பு என்ற கால் இல்லாத முக்காலிதான் மிஞ்சும். சமைப்பவரின் எண்ணுக்கும், அவர் சம்மதித்தால், வாரம் ஒரு செய்தி போவதே சரியான வடிவமைப்பு.

செய்தியை எழுதுவதும் அனுப்புவதும்

தமிழில் குறுஞ்செய்தி எழுதுவோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது ஒரு தொழில்நுட்பக் கட்டுப்பாடு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள் கிடைக்கும். தமிழ் யூனிகோடில் 70 இடங்கள்தான். அதிலும் மெய்யெழுத்தின் புள்ளியும், உயிர்மெய்யின் கொம்பும் கொக்கியும் தனித்தனி இடத்தைப் பிடிக்கும். ‘சோற்றில்’ என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கைப்பேசிக்கு எட்டு இடம். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகி, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம் ஆகும். ‘இன்று மதியம் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கீரை கூடுதலாக வையுங்கள்.’ என்ற செய்தி, இடைவெளிகளையும் குறிகளையும் சேர்த்து 67 இடங்களில் அடங்குகிறது. ஒரு வேளை, ஒரு செயல், ஓர் அளவு. இதற்கு மேல் ஒரு செய்தியில் எதையும் திணிக்கத் தேவையில்லை. ‘ஆரோக்கியமான உணவை உண்டு நலமாக வாழுங்கள்’ என்பது போன்றவை எவரையும் எதையும் செய்ய வைப்பதில்லை.

மேலே சொன்ன செய்தி கடைக்காரர் வீட்டுக்குக் காலை பதினொரு மணிக்குப் போகலாம். நடவுக்குப் போகும் வீட்டில் மதியச் சாப்பாடும் விடிவதற்கு முன்பே தயாராகித் தூக்குவாளியில் ஏறிவிடும். அங்கே சமையல் பற்றிய செய்தி முதல் நாள் மாலையே போய்ச் சேர வேண்டும். ரமலான் மாதத்தில் நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களுக்கு நேரமும் உள்ளடக்கமும் முழுவதுமாக மாற வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு நோன்பாளிக்குச் சாப்பாட்டைப் பற்றிச் செய்தி அனுப்புவதைவிட அனுப்பாமலே இருப்பது மேல்.

மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் உண்டு. அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். பெயர், தேதி, எண் போன்றவை மட்டுமே இடத்துக்கு இடம் மாறலாம். ஆகவே நினைத்தபோதெல்லாம் புதுச் செய்தி எழுதி அனுப்ப முடியாது. ஓராண்டுக்கான செய்திகளைப் பயிர்ப் பருவம், பண்டிகை, வேலை வகை வாரியாக முன்பே எழுதி, ஊர்க்காரர்கள் சிலரிடம் படித்துக் காட்டித் திருத்தி வைத்திருக்க வேண்டும்.

படிக்கத் தயங்குபவர்களுக்கு எழுத்தைவிடக் குரல் நல்லது. பதிவு செய்த குரல் அழைப்பு பட்டன் போனிலும் வேலை செய்யும். தவறிய அழைப்புக் கொடுத்தால் திரும்ப அழைத்துப் பேசும் ஏற்பாடு செலவில்லாமல் கேட்க வழி செய்யும். அந்தக் குரல் செய்தி வாசிப்பவரின் குரலாக இல்லாமல் நம் பக்கத்துப் பேச்சில் இருந்தால் கேட்பவர் பாதியில் துண்டிக்கமாட்டார். வாட்ஸ்அப்பில் தட்டின் படமும் குறுங்காணொளியும் அனுப்பலாம். ஆனால் அதன் குழுக்களில் ‘பாகற்காய்ச் சாறு குடித்தால் மாத்திரை வேண்டாம்’ என்ற வகைச் செய்திகள் ஒரே மாலையில் பரவிவிடும் என்பதால், பொறுப்பான ஒருவர் கண்காணிக்காத குழுவைத் தொடங்காமலிருப்பதே பாதுகாப்பு. தனிச் செயலி, தினமும் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தி, எண்களைப் பதிவு செய்வதில் விருப்பமுள்ள சிறு பகுதியினருக்குப் பயன்படும். அவர்களை மட்டும் மனத்தில் வைத்து முழுத் திட்டத்தையும் கட்டினால், ஏற்கெனவே வசதியுள்ளவர்களே மேலும் பயனடைவார்கள்.

போன் யாருடையது என்பது இன்னொரு கேள்வி. பல வீடுகளில் ஒரே ஸ்மார்ட்போன். அது பகலில் மகனோடு கல்லூரிக்குப் போய்விடும். செய்தியில் ‘உங்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் உள்ளது’ என்றிருந்தால் அதை வீட்டில் யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அது என்ன விளைவை உண்டாக்கும் என்று விளக்கத் தேவையில்லை. நோயின் பெயரும் பரிசோதனை எண்களும் குறுஞ்செய்தியில் வரவே கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலை எதற்காகத் திரட்டுகிறோம் என்று புரியும் மொழியில் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்றும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும் என்றும் கோருகிறது. ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது அதில் சேராது.

மனிதர்களின் பங்கு

இயந்திரம் மட்டும் பேசினால் சில மாதங்களில் மக்கள் காது கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். டிஜிட்டல் சுகாதாரத் திட்டங்கள் எல்லாவற்றிலும் காணப்படும் பொதுப் பலவீனம் இந்த விலகல்தான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, நோய் உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்து வருகிறார்கள். அந்த வருகையின்போது பார்டரில் இருப்பவரிடமும் இரண்டு வார்த்தை பேச முடிந்தால், கைப்பேசிச் செய்திக்கு ஒரு முகம் கிடைக்கிறது. ஆனால் ஏற்கெனவே சுமை மிகுந்த அவர்கள் மேல் இன்னொரு பதிவேட்டை ஏற்றினால், அது வீட்டுக்குப் போகாமலே நிரப்பப்படும். மூன்று அழைப்புகளைத் தொடர்ந்து எடுக்காதவர், இடுப்பளவு கூடிக்கொண்டே போகிறவர் என்று, இந்த வாரம் நேரில் பார்க்க வேண்டிய நான்கைந்து பெயர்களை மட்டும் எடுத்துக் கொடுத்து அவர்களுடைய வேலையைக் குறைப்பதே மென்பொருளின் கடமை.

அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக் குறைவு என்று யாராவது சொன்னால் தடுப்புச் செய்திகளை உடனே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்பும் வழி முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் தவறிச் சேர்ந்து, செய்தியைக் கேட்டுச் சோற்றை மட்டும் குறைத்தால் தாழ்சர்க்கரையில் மயங்கிவிழ நேரலாம். சேர்க்கும்போதே இதைக் கேட்டுப் பிரிப்பது அவசியம்.

பலனை அளப்பது

எத்தனை பேர் பதிவிறக்கினார்கள், எத்தனை செய்தி போனது என்பவை செலவின் கணக்கு. பலன் என்பது ஓராண்டு, ஈராண்டு முடிவில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதில்தான் இருக்கிறது. இங்கே தொடக்கநிலையாளர்கள் எளிதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முன்நீரிழிவு என்று ஒரு முறை கண்டறியப்பட்டவர்களில் கணிசமானோர், எதுவுமே செய்யாமல் அடுத்த பரிசோதனையில் இயல்பு நிலைக்கு வந்துவிடுகிறார்கள். இரத்தச் சர்க்கரை நாளுக்கு நாள் மாறுவது, முதல் நாள் தற்செயலாக உயர்ந்திருந்தது மறுமுறை இறங்குவது ஆகியவை அதற்குக் காரணம். எனவே ‘நூறு பேரில் முப்பது பேர் குணமாகிவிட்டார்கள்’ என்ற அறிக்கை, செய்தி பெறாத இன்னொரு நூறு பேரோடு ஒப்பிடாதவரை எதையும் நிரூபிக்காது. பத்து ஊர்களில் ஐந்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து முதலில் தொடங்கி, மீதி ஐந்துக்கு ஓராண்டு கழித்துத் தொடங்கினால் யாருக்கும் மறுக்காமலே ஒப்பீடு கிடைத்துவிடும்.

இடையில் விலகியவர்களையும் கணக்கிலிருந்து நீக்கக் கூடாது. கடைசிவரை இருந்தவர்கள் இயல்பிலேயே அக்கறை மிகுந்தவர்கள். அவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் திட்டமும் வென்றதாகத்தான் தெரியும். நன்றாகத் திட்டமிட்டும் எதிர்பார்த்த பலன் உறுதிப்படாமல் போகலாம். கேரளத்தில் 1,007 பேரை வைத்து, சக மனிதர்களின் குழு ஆதரவை அடிப்படையாகக் கொண்டு நடந்த தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2018-இல் வெளியானபோது, நோய் வருவது சற்றே குறைந்திருந்தாலும் அது புள்ளியியல் முறையில் உறுதியாகும் அளவுக்கு இல்லை. அதை மறைக்காமல் வெளியிட்டதால்தான் அடுத்து வடிவமைப்பவர்களுக்குப் பாடம் கிடைத்தது.

முதல் ஒத்திகைக்கு ஒரு வட்டாரம், சில நூறு பேர் போதும். சம்பா அறுவடை முடிந்த மாசியில் மதிப்பெண்ணும் பரிசோதனையும் எடுத்தால், பயறு விளையும் பங்குனியில் செய்திகளைத் தொடங்கி, மேட்டூர் நீர் வந்து வேலை சூடுபிடிப்பதற்குள் பழக்கம் ஓரளவு பிடிபட மூன்று மாதம் கிடைக்கிறது. மறுபரிசோதனையையும் அடுத்த ஆண்டு மாசியிலேயே வைக்க வேண்டும். மாசியில் தொடங்கி ஆவணியில் அளந்தால், இடையில் வந்த நடவு வேலையால் குறைந்த சர்க்கரையைக் கைப்பேசியின் கணக்கில் எழுதிவிடுவோம்.